பழைய ஃபுல்கிரம் ரேசிங் 3 சக்கரங்கள்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கொட்டிவாக்கம் குமரன்:

வணக்கம். என்னுடையது ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைக் கவ்வும் பிரேக்) வைத்த அலுமினிய ரோடு சைக்கிள். ஷிமானோ தியாக்ரா கியர், பின்னால் 10 ஸ்பீடு கேசட் (பல்சக்கர அடுக்கு). சைக்கிளோடு வந்த சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 2 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாரக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது வழக்கம். மழைக்காலம் முடிந்ததும் நண்பர்களோடு ஏற்காடு ஏறுவதாகத் திட்டம். அதற்குள் நல்ல சக்கரம் ஒரு ஜோடி வாங்கிவிட ஆசை. புதிதாக வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை.

இரண்டு ஜோடிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஃபுல்கிரம் ரேசிங் 3, அலுமினியம். 20,000 ரூபாய் கேட்கிறார். "மூன்று வருடம்தான் ஓடியது, மழையில் எடுத்ததே இல்லை" என்கிறார். படத்தில் பளபளவென்று இருக்கிறது. மற்றொன்று 50 மி.மீ. உயர ரிம் வைத்த கார்பன் சக்கரம். பெயர் இல்லாத தயாரிப்பு, 24,000 ரூபாய். விளம்பரத்தில் 'டியூபுலர்' என்று போட்டிருக்கிறது. எடை ரேசிங் 3-ஐ விடக் குறைவு, பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மனம் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். என் 10 ஸ்பீடு கேசட் இவற்றில் ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதுராந்தகம் மணி:

நண்பரே, பழைய சக்கரத்தில் பணம் போடவேண்டாம் என்பது என் கருத்து. யார் எந்தக் குழியில் இறக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதே 20,000 ரூபாயில் ஒரு படி கீழான புதிய ஜோடி கிடைக்கும். 200 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன, உத்தரவாதம் இருக்கிறதே. ஏற்காட்டுக்கு முதலில் நல்ல டயர் போடுங்கள். நம் சாலையில் சக்கரத்தை மாற்றுவதைவிட டயரை மாற்றினால்தான் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

---

சேலம் சக்கரபாணி:

தம்பி குமரன், மணி டயரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பழைய சக்கரம் என்றாலே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்கத் தெரிந்து வாங்கினால் புதிய மலிவுச் சக்கரத்தைவிட நல்ல சக்கரம் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும். எப்படிப் பார்ப்பது என்று விரிவாகவே எழுதுகிறேன். மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் கம்பிகளைக் கோத்துச் சக்கரம் பின்னுவதும் கோட்டம் எடுப்பதும் எனக்குப் பிடித்த வேலை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த சக்கரங்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன.

ரேசிங் 3 நல்ல தயாரிப்பு. ஜோடி சுமார் 1,560 கிராம். ஃபுல்கிரம் என்பது காம்பனோலோ என்ற இத்தாலிய சைக்கிள் பாக நிறுவனத்தின் குடும்பத்துப் பெயர்தான். ஆனால் பழையதாக வாங்கும்போது அதில் மிச்சம் இருக்கும் ஆயுளுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ரிம் பிரேக் சக்கரத்தில் அந்த ஆயுள் இருப்பது ஒரே இடத்தில்: பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவரில். கம்பி அறுந்தால் வேறு கம்பி போடலாம். பேரிங் போனால் மாற்றலாம். ஃப்ரீஹப்பை, அதாவது கேசட் மாட்டும் உருளையைக்கூட மாற்றலாம். சுவர் தேய்ந்துவிட்டால் ரிம்மே போயிற்று. இந்த மாதிரி தொழிற்சாலைச் சக்கரத்துக்குத் தனி ரிம் தேடிப் பிடித்துப் பின்னி முடிப்பதற்குள் இன்னொரு பழைய ஜோடியின் விலை ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை, டயரையும் டியூபையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்கவேண்டாம். பிறகு ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பைப் பிரேக் பட்டையின் மேல் குறுக்காக நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வரும்படி பாருங்கள். தேயாத ரிம்மில் ஸ்கேல் ஒட்டி உட்காரும். தேய்ந்த ரிம்மில் நடுவே வெளிச்சம் கசியும். பட்டையில் தேய்மானத்தைக் காட்டச் சிறு குழிப்புள்ளி ஒன்றும் வைத்திருப்பார்கள். அது மறைந்துபோயிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஸ்கேல் குழிவைக் காட்டும், தடிமனைக் காட்டாது. அதற்கு வெர்னியர் காலிப்பர் வேண்டும். அதையும் நேரடியாக வைத்தால் சரியான அளவு கிடைக்காது. டயரைப் பிடித்துக்கொள்வதற்காக ரிம்மின் உதடு உள்பக்கமாக வளைந்து தடித்திருக்கும். காலிப்பரின் தாடை அந்த உதட்டில் தட்டி நின்றுவிடும். வெளிப்பக்கம் குழிந்திருப்பதால் அங்கே தாடை குழியின் இரு கரைகளில் உட்காரும். இரண்டும் சேர்ந்து, இல்லாத தடிமனை இருப்பதாகக் காட்டும். நான் செய்வது இது: 2 மி.மீ. தடிமன் உள்ள சாதாரணப் போக்ஸ் கம்பியில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டிக்கொள்வேன். ஒன்றை உள்சுவரில், உதட்டுக்குச் சற்றுக் கீழே, ரிம்மின் வட்டப்போக்கில் படுக்கவைப்பேன். மற்றொன்றை வெளியே குழியின் நடுவில் அதற்கு நேர் எதிராக வைப்பேன். இரண்டையும் சேர்த்துக் காலிப்பரால் கவ்வி அளந்து, வந்த அளவில் 4 மி.மீ. கழித்தால் மிச்சம்தான் சுவரின் தடிமன். ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடைந்துவிடாதீர்கள். சுற்றிலும் நான்கைந்து இடங்களில், இரண்டு பக்கமும் அளக்கவேண்டும். ரிம்மின் இரு முனைகளும் சேரும் பொருத்து வால்வுக்கு நேர் எதிரே இருக்கும், அங்கே ஒருமுறை கட்டாயம் அளக்கவேண்டும்.

1.5 மி.மீ.யை ஒட்டி வந்தால் நிம்மதியாக வாங்கலாம். 1.2 என்றால் விலையை நன்றாகக் குறைக்கவேண்டும். 1 மி.மீ.யோ அதற்குக் கீழோ என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சுவரை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது டயருக்குள் இருக்கும் 90, 100 பிஎஸ்ஐ காற்று. மெலிந்த சுவர் ஒருநாள் நீளவாக்கில் கிழிந்து விரியும். டியூப் வெடிக்கும், விரிந்த தகடு பிரேக்கில் போய்ச் சிக்கும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஏற்காடு மலைப்பாதையில் சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது ஒவ்வொன்றிலும் பிரேக் பிடித்தாகவேண்டும். சுவர் அங்கே கிழிந்தால் உடம்பைக் காப்பாற்ற நேரமே இருக்காது.

அடுத்தது கம்பிகள். சுற்றிவிட்டுக் கோட்டம் பார்ப்பது மட்டும் போதாது என்பதை இங்கேதான் சொல்லவேண்டும். ரேசிங் 3-இல் முன்னால் 16 கம்பிகள், பின்னால் 21. பின்சக்கரத்தில் கேசட் பக்கம் 14, எதிர்ப்பக்கம் 7. ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் வரிசையாக விரலால் மீட்டிக்கொண்டே வாருங்கள். ஏறத்தாழ ஒரே சுருதி வரவேண்டும். ஒரு கம்பி கீச்சென்று ஒலித்து அடுத்தது தொளதொளவென்று இருந்தால், ரிம் எங்கோ அடிவாங்கி வளைந்திருக்கிறது. வளைந்த ரிம்மைக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றினால் அழகாக ஓடும். மலையேறி இறங்கியதும் மறுபடி கோணும், பிறகு இறுகிய கம்பி ஒவ்வொன்றாக அறுபடும்.

நீங்களும் விற்பவரும் கடற்கரை ஊர்க்காரர்கள். ஆகவே நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு திருகாணியை, கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். எஃகுக் கம்பி, அலுமினிய நிப்பிள், நடுவில் உப்புக் காற்றின் ஈரம்: இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். கோட்டம் எடுக்கத் திருப்பினால் நிப்பிளின் தலை வழுக்கி உருண்டுவிடும், அல்லது பிளந்துவிடும். இந்தச் சக்கரத்தில் அது கூடுதல் தொல்லை. இதன் ரிம்மில் டயர் உட்காரும் தளத்தில் வால்வுத் துளையைத் தவிர வேறு துளைகளே கிடையாது. புதிய அலுமினிய நிப்பிளில் காந்தம் இழுக்கும் சிறு இரும்புத் திருகு ஒன்றை மாட்டி, வால்வுத் துளை வழியாக உள்ளே போட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்துக்கொண்டே போய் அதன் துளைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். எனக்குப் பிடித்த வேலைதான், ஆனால் எல்லாக் கடைகளிலும் செய்துதர மாட்டார்கள். துளை இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு: உள்ளே ரிம் நாடா போடத் தேவையில்லை.

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைப் பொறுத்தவரை, அச்சை விரல்களால் மெதுவாகச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் உள்ளே தூசி புகுந்திருக்கிறது. இதில் இருப்பது கோனும் தனிக் குண்டுகளும். பிரித்துத் துடைத்து, புதுக் குண்டு போட்டுக் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லேசான ஆட்டம் இருந்தால் பயப்படவேண்டாம், வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

ஃப்ரீஹப்பில் முதலில் அது ஷிமானோ வகைதானா என்று பார்க்கவேண்டும். இதே சக்கரம் காம்பனோலோ கேசட்டுக்கான ஃப்ரீஹப்போடும் விற்பனைக்கு வந்தது, உங்கள் கேசட் அதில் ஏறாது. ஷிமானோ 11 ஸ்பீடு ஃப்ரீஹப் என்றால் உங்கள் 10 ஸ்பீடு கேசட் தாராளமாக ஏறும். உள்ளே முதலில் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட்டுக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். சில 10 ஸ்பீடு கேசட்டுகளுக்குக் கூடவே 1 மி.மீ. வளையமும் வேண்டும். கேசட்டைக் கழற்றச் சொல்லி அலுமினியத்தில் பற்கள் கடித்த தழும்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். லேசாக இருந்தால் அரத்தால் தேய்த்துவிடலாம்.

விலையைப் பற்றி ஒரு சொல். சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 2018 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. அதன்பின் ரிம் பிரேக்கை விட்டு எல்லாரும் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். ஷிமானோவின் 12 ஸ்பீடு 105 கியர் வரிசைகூட டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான் வருகிறது. விற்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. 20,000 என்பது அவர் ஆசைப்படும் விலை. நிதானமாகப் பேசுங்கள்.

கார்பன் ஜோடி உங்களுக்கு வேண்டாம். டியூபுலர் என்றால் என்ன என்பதைக் கோவையிலிருந்து மிதிவண்டிப் பெண் எழுதினால் நன்றாக இருக்கும். இங்கே அதை ஓட்டும் ஒரே ஆள் அவர்தான்.

---

கோவை மிதிவண்டிப் பெண்:

சக்கரபாணி அண்ணா கூப்பிட்டதால் எழுதுகிறேன். டியூபுலர் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சவாரியின் மென்மையை வேறு எதிலும் நான் உணர்ந்ததில்லை. அப்படியிருந்தும் குமரனுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

டியூபுலரில் டயரும் டியூபும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். ரிம்மில் அதைப் பசைபோட்டு ஒட்டவேண்டும். டயரின் அடியிலும் ரிம்மிலும் மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, காயவிட்டு, கடைசிப் பூச்சின் ஈரத்தில் டயரை இழுத்து ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் வளைவில் டயர் உருண்டு கழன்றுவிடும். சாலையில் பஞ்சர் ஆனால் டியூப் மாற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. ஏற்கெனவே பசை தடவிய மாற்று டயர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் மடித்துக் கட்டிக்கொண்டு போகவேண்டும். மாமல்லபுரம் சாலையின் கண்ணாடித் துண்டுகளில் இரண்டாவது பஞ்சரும் ஆனால் பஸ்தான் கதி. டயரை வெளியூரிலிருந்து வரவழைக்கக் காத்திருக்கவேண்டும். அதன் விலையும் சாதாரண டயரைப்போல் பல மடங்கு. பந்தயக்காரர்களே இப்போது டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். 2021-இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தை கொல்பிரெல்லி டியூப்லெஸ் டயரில்தான் வென்றார். அதனால்தான் பழைய டியூபுலர் சக்கரங்கள் இவ்வளவு மலிவாகச் சந்தைக்கு வருகின்றன.

பெயர் தெரியாத கார்பன் ரிம்மில் வேறொரு பயமும் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். கார்பன் நாரைப் பிணைத்திருக்கும் பிசின் அந்தச் சூட்டைத் தாங்கும் தரத்தில் இல்லையென்றால் சுவர் இளகும். டியூபுலரில் ஒட்டிய பசையும் இளகும். அலுமினிய ரிம்மில் தேய்ந்த பிரேக் கட்டையை அப்படியே கார்பனுக்குப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டையில் பதிந்த அலுமினியத் துகள் கார்பனைக் கீறிக்கொண்டே போகும். விற்பவரிடம் எந்தக் கட்டை போட்டு ஓட்டினார் என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

---

ஈஸ்ட்ஹாம் இளங்கோ:

தம்பி, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே பழைய ரிம் பிறேக் சில்லுகள் (சக்கரங்கள்) மலிவாகக் கிடைக்கின்றன. ஊருக்குப் போகும்போது கொண்டுவந்து தரச் சொல்லி ஆட்கள் கேட்பார்கள். சக்கரபாணி அண்ணை சொன்ன சுவர்த் தடிமன் விடயம் இங்கேதான் இன்னும் முக்கியம். குளிர்காலம் முழுக்க ஈரச் சாலை. பனிக்காக வீதியில் உப்பும் மணலும் போடுவார்கள். அந்த ஈரமண் பிறேக் கட்டையில் ஒட்டி ரிம்மை அராவிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு குளிர்காலம் ஓடிய சில்லு, சென்னை வெயிலில் பல வருடம் ஓடியதைவிட மோசமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே நல்ல பழக்கம் ஒன்று உண்டு. கோடைக்கு ஒரு சோடி, குளிர்காலத்துக்கு ஒரு சோடி என்று வைத்திருப்பார்கள். கோடைச் சோடியை விற்பவரிடம் வாங்கினால் சுவர் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். வெளிநாட்டில் இருந்து வந்த சில்லு என்று யாராவது உங்களுக்கு விற்க வந்தால், எந்தக் காலத்தில் ஓடியது என்பதை முதலில் கேளுங்கள். வருடக் கணக்கைக் கேட்டுப் பயன் இல்லை.

---

கொட்டிவாக்கம் குமரன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கார்பன் ஆசையை விட்டுவிட்டேன். நேற்று மாலை ரேசிங் 3-ஐப் போய்ப் பார்த்தேன். விற்பவர் நல்ல மனிதர். டயரைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவரே கழற்றிக் கொடுத்தார். போக்ஸ் கம்பித் துண்டுகளையும் வெர்னியரையும் எடுத்ததைப் பார்த்து அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது, கூடவே உட்கார்ந்து அளந்தார்.

முன்சக்கரம் இரண்டு பக்கமும் 1.5 மி.மீ., எங்கே அளந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பின்சக்கரம் 1.1. வால்வுக்கு எதிரே ஓர் இடத்தில் சரியாக 1.0. குழிப்புள்ளி முன்னால் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் விரல் நகத்தால் தடவினால் மட்டும் லேசாகத் தட்டுப்படுகிறது.

கம்பிகளை மீட்டிப் பார்த்தேன். முன்னால் எல்லாம் ஒரே சுருதி. பின்னால் 7 கம்பிப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு தொளதொளவென்று ஒலிக்கின்றன. அதே இடத்தில் மூன்று நிப்பிள்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பின் அச்சைச் சுழற்றினால் மணல் உணர்வு, முன்னால் வெண்ணெய்தான். ஃப்ரீஹப் ஷிமானோ 11 ஸ்பீடு வகை, தழும்பு குறைவு.

அளவைப் பார்த்தபிறகு அவரே 15,000-க்கு இறங்கிவிட்டார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மழையில் ஓட்டவில்லை என்றால் பின்னால் மட்டும் எப்படி இவ்வளவு தேய்ந்தது? 15,000-க்கு வாங்கலாமா?

---

சேலம் சக்கரபாணி:

அருமையாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. இந்த அளவுக்குப் பொறுமையாகப் பார்த்து வந்து சொல்பவர்கள் குறைவு.

அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் எனக்கும் படுகிறது. முன் பிரேக்கைத் தொடப் பயந்து எல்லாவற்றுக்கும் பின் பிரேக்கையே பிடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சிறுவயதில் 'முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுவாய்' என்று வீட்டில் பயமுறுத்தி வளர்த்ததன் விளைவு. பின்சக்கரத்தில் எடை குறைவாக இருக்கும்போது அங்கே அழுத்தினால் வேகம் அவ்வளவாகக் குறையாது. அதனால் நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், சுவர் கரையும். முன்னால் 1.5, பின்னால் 1.0 என்ற கணக்கு அதைத்தான் காட்டுகிறது. நீங்கள் ஏற்காடு இறங்குவதற்கு முன் முன் பிரேக்கைப் பிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில், உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிப் பழகவேண்டும்.

ஜோடியாக வாங்கவேண்டாம். 15,000-க்கு மட்டுமல்ல, 10,000-க்கும் வேண்டாம். பின்சக்கரத்தின் ரிம் முடிந்துவிட்டது. தளர்ந்த இரண்டு கம்பிகளும் வெள்ளை நிப்பிள்களும் ஒரே இடத்தில் இருப்பதால், யாரோ அங்கே கோட்டம் எடுக்கப் பார்த்து, நிப்பிள் திரும்பாமல் விட்டிருக்கிறார்கள். அதில் செலவு செய்வது வீண்.

முன்சக்கரம் மட்டும் தனியாகக் கொடுப்பாரா என்று கேளுங்கள். 6,000, 7,000 என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். அந்தப் பின்சக்கரத்தைப் பகுதிப் பொருள்களுக்காக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரீஹப்பும் கம்பிகளும் இன்னொருவருக்கு உதவும், அவருக்கும் நட்டம் இருக்காது.

பின்சக்கரத்தை நாமே பின்னிவிடலாம். 32 துளை ஷிமானோ 105 ஹப், மேவிக் ஓப்பன் புரோ போன்ற அலுமினிய ரிம், எஃகுக் கம்பி, பித்தளை நிப்பிள். கடற்கரைக்குப் பித்தளைதான் சரி, அலுமினிய நிப்பிள்போல் உப்பில் இறுகிப் பிளக்காது. ரேசிங் 3-இன் பின்சக்கரத்தைவிட எடை சற்றுக் கூடும். ஆனால் வழியில் ஒரு கம்பி அறுந்தாலும் 31 மிச்சம் இருக்கும், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். 21 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தாலே ரிம் சட்டத்தில் உரசும் அளவுக்குக் கோணிவிடும். சில ஆண்டுகள் கழித்து இந்த ரிம்மும் தேயும். அப்போது ரிம்மை மட்டும் வாங்கி, அதே ஹப்பில் மறுபடி பின்னிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் வேறு வேறு சக்கரமாக இருந்தால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும் என்று நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு அது தெரியாது.

---

கொட்டிவாக்கம் குமரன்:

கேட்டேன் அண்ணா. முன்சக்கரம் மட்டும் 6,500 ரூபாய்க்குத் தருகிறார். சனிக்கிழமை போய் எடுத்துக்கொள்கிறேன். ஹப், ரிம் எல்லாம் வாங்கி அனுப்பினால் நீங்கள் பின்னித் தர முடியுமா? அதற்கான கூலியைச் சொல்லுங்கள். கம்பியின் நீளம் எப்படித் தெரிந்துகொள்வது?

---

கோவை மிதிவண்டிப் பெண்:

குமரன், ரிம் பிரேக் சைக்கிளை விற்றபோது கழற்றி வைத்த 105 பின் ஹப் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. 5800 வரிசை, 32 துளை, 11 ஸ்பீடு. கோன், குண்டு இரண்டையும் பார்த்துக் கிரீஸ் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். 1.85 மி.மீ. வளையமும் அதோடு இருக்கிறது. விலை பேசத் தேவையில்லை, பார்சல் செலவை மட்டும் கொடுங்கள். நேராகச் சேலத்துக்கே அனுப்பிவிடட்டுமா அண்ணா?

---

சேலம் சக்கரபாணி:

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. குமரன், கூலி ஒன்றும் வேண்டாம். சேலத்துக்கு வரும்போது ஒருநாள் முன்னதாக வந்து திண்ணையில் உட்காருங்கள், நீங்களே பின்னலாம், நான் பக்கத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும் மூன்று குறுக்குப் பின்னல் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். கோட்டம் எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

இப்போதைக்கு 32 துளை ரிம் மட்டும் வாங்கி அனுப்புங்கள். கம்பி வாங்கவேண்டாம். ஹப்பின் விளிம்பு விட்டத்தையும் ரிம்மின் உள்விட்டத்தையும் நான் அளந்த பிறகுதான் நீளம் முடிவாகும். கேசட் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒரே நீளமாக இருக்காது, ஒன்றிரண்டு மி.மீ. மாறும். இரண்டு அளவும் சொல்கிறேன், பக்கத்துக்கு 16 வீதம் வாங்குங்கள், கூடவே ஒவ்வொரு அளவிலும் இரண்டு கூடுதலாக. சனிக்கிழமை முன்சக்கரத்தை எடுத்ததும் அதன் நிப்பிள்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.